பல்செட் ஏன் கழன்று ஆடுகிறது?

பல்லைப் பிடுங்கியதும், அதைத் தாங்கியிருந்த தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆயுள் முழுக்க இது நடக்கும். அளவெடுத்த நாளில் இருந்த வடிவிலேயே பல்செட் இருக்க, அடியில் உள்ள மேடு குறைந்துகொண்டே போகிறது. சில ஆண்டுகளில் செட் ஆடுவதற்குச் செய்தவரின் கைக்குறை காரணமாக இருக்கவேண்டியதில்லை.

தொல்லை அதிகம் கீழ்த்தாடையில்தான். மேல் செட் அண்ணம் முழுவதும் படிந்து, மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தால் ஒட்டிக்கொள்ளும். கீழே பரப்பு குறைவு. போதாததற்கு நாக்கும் கன்னமும் ஓயாமல் தள்ளும். எலும்புத் தேய்வும் அங்கேதான் கூடுதல்: ஆய்வாளர் டால்கிரென் 1972-இல் வெளியிட்ட, 25 ஆண்டுகளைத் தழுவிய ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறத்தாழ 4 மடங்கு தேய்ந்திருந்தது.

ஆடும் செட்டை அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் அதன் விளிம்பு உராய்ந்து புண்ணாகும். நாளடைவில் அங்கே சதை மடிப்பாக வளர்வதும் உண்டு. செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். வீட்டில் அரத்தால் ராவுவதும் கடைப் பசையால் ஒட்டுவதும் செட்டைப் பாழாக்கும் வேலைகள். உரிய வழி ரீலைனிங்: ஈறைத் தொடும் உட்பக்கத்தில் புதிதாக அக்ரிலிக் சேர்த்து, இப்போதைய ஈறின் வடிவுக்குக் கொண்டுவருவது. பற்களே தேய்ந்து கடி மாறியிருந்தால் புது செட்தான். செட்டை ஈறில் பிடிக்கவைக்கும் பேஸ்ட் வேறு; அது நல்ல செட்டுக்குத் துணை. குழாய் குழாயாகத் தேவைப்பட்டால் செட் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். துத்தநாகம் கலந்த பேஸ்ட்டை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பூசியவர்களுக்கு, உடலில் செம்பு குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது.

இரவில் செட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாதவர்களுக்குக் கேண்டிடா பூஞ்சையால் அண்ணம் சிவந்துபோவது சகஜம். பலருக்கு வலியே இருக்காது என்பதால் கவனிக்காமல் விடுகிறார்கள். கழற்றிய செட்டைச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கலாம். வெந்நீரில் அக்ரிலிக் கோணிப்போகும். சாதாரண டூத்பேஸ்ட் கீறல் போடும், கீறலில் அழுக்கு தங்கும். மென்மையான பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கை நழுவினாலும் உடையாதிருக்க, அடியில் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தை வைத்துத் தேய்ப்பது நல்லது.

செட்டே இல்லாதவர்கள் மட்டுமல்ல, கீழ் செட் எவ்வளவு சரிசெய்தும் நில்லாதவர்களும் தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் பற்றிக் கேட்கலாம். கீழ்த்தாடையின் முன்பகுதியில் 2 இம்பிளான்ட் பதித்து, அவற்றில் செட்டை மாட்டும் முறையைத்தான் பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக 2002-இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள்.