பச்சை முனையும் நீல முனையும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப் பாதையில், தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் வருகின்ற மீனாட்சிபுரத்தில் மின்கம்பங்களை அண்ணாந்து நோக்குபவர்கள், மின்சாரக் கம்பிகளுக்குக் கீழே மெல்லிய கறுப்பு வடங்கள் சுருள் சுருளாகத் தொங்குவதைக் காணலாம். அவற்றினுள்ளே ஓடுவது மின்சாரமன்று, ஒளி. கேரள அரசின் கே-ஃபோன் இணைய வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டபோது, ஊர்தோறும் பள்ளம் தோண்டும் சிரமத்தைப் பெரும்பாலும் தவிர்த்து, மாநில மின்வாரியத்தின் கோபுரங்களையும் கம்பங்களையுமே தன் பாதையாகக் கொண்டது. அதற்கும் எட்டாண்டுகளுக்கு முன்னரே, 2015 ஜனவரியில், ஏலத்தோட்டங்களும் மலைச்சரிவுகளும் நிறைந்த இடுக்கி, தேசிய கண்ணாடி இழை வலையமைப்பில் இணைக்கப்பட்ட முதல் இந்திய மாவட்டம் என அறிவிக்கப்பட்டிருந்தது. மலையும் காடும் தாண்டி இத்தனை தூரம் இழுத்து வந்த வடத்தின் பிரயோஜனம் முழுவதும், அது வந்து முடியும் இடத்திலுள்ள ஓர் அங்குலப் பிளாஸ்டிக் துண்டை நம்பியே இருக்கிறது. கனெக்டர் என்று எல்லோராலும் வழங்கப்படும் அந்தச் சிறு சாதனத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இழையின் பருமன் 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி செல்லும் மையப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். இத்தகைய இரண்டு மையங்களை, கண்ணுக்கும் தெரியாத அளவில் நேருக்கு நேர் நிறுத்தவேண்டும். வேண்டும்போது பிரிக்கவும், மறுபடி சேர்க்கவும் கூடவேண்டும். அதையும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெறுங்கையால் செய்யவேண்டும். இந்த அசாத்தியக் காரியத்தைச் சாத்தியமாக்குவது ஃபெரூல் எனப்படும் வெண்ணிறப் பீங்கான் உருளை. சிர்கோனியாவினால் செய்யப்படும் அவ்வுருளையின் நடுவே இழை புகும் அளவுக்கே துளையிட்டு, இழையை அதில் நிறுத்தி, நுனியை மெருகிட்டுவிடுகிறார்கள். மின்சாரச் சாதனங்களிலுள்ளது போல ஒன்று பிளக், மற்றொன்று சாக்கெட் என்ற பேதம் இங்கே பொதுவாக இல்லை, இருபுறமும் பிளக்குகளே. நடுவிலுள்ள அடாப்டரின் பிளவுண்ட குழல் இரு ஃபெரூல்களையும் இறுகப் பிடித்து, கண்ணாடியைக் கண்ணாடியோடு முட்டவைக்கிறது.

எஸ்.டி., எஃப்.சி., எஸ்.சி., எல்.சி. என்று இவற்றிலுள்ள ஜாதிகள் பெரும்பாலும் இந்த ஃபெரூலைப் பிடித்து நிறுத்தும் முறையில்தான் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் உருவாக்கிய எஸ்.டி., குண்டு பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருகுவது போல மாட்டப்படுவது; பழைய கல்லூரி, ஆலை வலையமைப்புகளில் இன்றும் மிஞ்சியிருக்கிறது. ஜப்பானியத் தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. தந்த எஃப்.சி., மரையிட்டுத் திருகப்படுவதால் அதிர்வுக்கு அசையாது. ஆகையால் அளவைக் கருவிகளிலும் சோதனைச்சாலைகளிலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் வரிசையாக நூறு இணைப்புகள் நெருங்கி நிற்கும் பலகையில், விரல் நுழையாத இடத்தில் மரை திருகுவது எத்தகைய துன்பம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவர். அதே நிறுவனம் பின்னர் தந்த எஸ்.சி., சதுர வடிவினது. தள்ளினால் பூட்டிக்கொள்ளும், இழுத்தால் விடுபடும். இன்று நம் வீட்டு மோடத்தின் பின்புறம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இம்மூன்றிலும் ஃபெரூலின் குறுக்களவு 2.5 மில்லிமீட்டர். லூசென்ட் நிறுவனத்தின் எல்.சி. அதைப் பாதியாக்கி 1.25 மில்லிமீட்டரில் முடித்துவிட்டதால், ஒன்றிருந்த இடத்தில் இரண்டைப் பொருத்த முடிந்தது; சர்வர் அறைகள் அதற்கே வசமாயின. பன்னிரண்டு இழைகளை ஒரே முனையில் அடுக்கும் எம்.பி.ஓ.வும் பெரிய தரவு மையங்களுக்கு உரியது. மீனாட்சிபுரத்து வீடுகளில் அதற்கு வேலையில்லை.

கடைக்குச் செல்வோர் எஸ்.சி.யா, எல்.சி.யா என்று வடிவத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், நிறத்தைக் கேட்பதில்லை. என் அபிப்பிராயத்தில், முதலில் கேட்கவேண்டியது நிறமே.

கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வெளிப்படும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு, வந்த வழியே திரும்பிவிடும். இரண்டு முனைகளுக்கிடையே மயிரிழைக் காற்று இருந்தாலும் இந்தப் பிரதிபலிப்பு நிகழும். அதைத் தடுப்பதற்காகவே முனையைச் சற்றே குவிந்த வடிவில் மெருகிட்டு, இரண்டும் நடுவில் தொடுமாறு செய்கிறார்கள். இவ்வாறு மிக நுண்ணிதாக மெருகிட்டது யு.பி.சி.; அதன் அடையாளம் நீலம். அதில் திரும்பும் ஒளி சுமார் ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஏ.பி.சி. என்னும் பச்சை முனையிலோ, முகத்தை எட்டுப் பாகை சாய்த்து மெருகிடுகிறார்கள். சாய்ந்த முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி மையத்தின் வழியே செல்லாமல் பக்கவாட்டில் விலகி அழிந்துபோவதால், மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கே. இணையத்துக்கு 1490 நானோமீட்டர் ஒளியும், அதே இழையில் கேபிள் டிவிக்கு 1550 நானோமீட்டர் ஒளியும் அனுப்பும்போது, திரும்பும் ஒளியினால் டிவிச் சமிக்ஞையே முதலில் கெடுகிறது. அதனால்தான் டிவியும் சேர்த்துத் தரும் கேபிள்காரர்கள் பச்சையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பச்சையையும் நீலத்தையும் ஒன்றோடொன்று சேர்த்தால், வடிவம் ஒன்றாயிருப்பதால் அவை சொகுசாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் சாய்ந்த முகமும் நேர்முகமும் ஒட்டாமல் இடையில் காற்று நின்று, ஒளியில் பாதிக்கு மேல் வீணாவதோடு முனைகளும் கீறல்படும்.

வீட்டுக்கு வடம் கொண்டுவரும் ஊழியர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். கறுப்பு உறையை உரித்து, இழையின் மேற்பூச்சை நீக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் வைத்து ஒரே தட்டில் செங்குத்தாக ஒடிக்கிறார். ஒடிந்த துணுக்கு காலில் தைத்தால் எடுப்பது கடினம். ஆகவே அதைத் தரையில் விடாமல் சிறு டப்பாவில் போட்டுக்கொள்கிறார். பிறகு இழையை ஃபாஸ்ட் கனெக்டருக்குள் செலுத்தி, உள்ளே ஏற்கெனவே மெருகிட்டு வைத்த இழைத்துண்டில் முட்டி அது லேசாக வளையும்போது பூட்டிவிடுகிறார். நடுவிலுள்ள ஜெல் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. பவர் மீட்டரில் அளவு பார்த்த பிறகுதான் மோடத்தில் செருகுகிறார்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயாது வீசும் இந்தப் பிரதேசத்தில், பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்று ஆலைகளின் நார்த்தூளும் செம்மண் புழுதியும் எங்கும் படியும். 9 மைக்ரான் வாசலை அடைக்க அதில் ஒரு துகள் போதும். எனவே பிளக்கைக் கழற்றியவுடன் மூடியைப் போடுவதும், சட்டைத் துணியால் துடைக்காமலிருப்பதும் அவசியம். வாயால் ஊதுவதும் கூடாது. எச்சிலின் ஈரம் புழுதியை அங்கேயே ஒட்டவைத்துவிடும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்போது பிளக்கைக் கழற்றிக் கண்ணருகே வைத்து ஒளி வருகிறதா என்று பார்ப்போரும் உண்டு. வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குப் புலனாகாது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.