சின்னக் குழந்தைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பம்: ஆலயப் பதிவேடும் அரசுச் சட்டமும்

கிறிஸ்தவ வீட்டில் குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார்கள், ஞானப்பெற்றோரைத் தேடுவார்கள். பங்கு அல்லது சேகரப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் ஏறும். பெற்றோரின் திருமணமும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு பதிவேட்டில்தான் இருக்கும். இவ்வளவும் இருக்கும்போது வேறென்ன பதிவு வேண்டும் என்று பல குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், சொத்துப் பிரிவினை, பெற்றோரில் ஒருவரின் திடீர் மரணம் என்று ஏதாவது வரும்போதுதான் எந்தப் பதிவு எதற்குச் செல்லும் என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் முக்கியமான சட்ட விதிகளும், தவறு நேரும் இடங்களும், அவற்றுக்கான தீர்வுகளும் கீழே வரிசையாகத் தரப்பட்டுள்ளன.

பிறப்புப் பதிவு

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் இது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரின் பொறுப்பு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. 30 நாள் வரை தாமதக் கட்டணம் உண்டு. அதற்கு மேல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது.

இந்தச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. முன்பு பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்ததுண்டு. இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை.

பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஞானஸ்நானம் வரை பெயரை முடிவு செய்யாத வீடுகள் பல. அதனால் மருத்துவமனை அனுப்பும் விவரத்தில் பெயர் காலியாகவே போகும். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆலயப் பதிவேட்டில் ‘மரிய அந்தோணி சேவியர்’, பிறப்புச் சான்றிதழில் ‘ஆண்டனி’, ஆதாரில் ‘சேவியர்’ என்று ஒரே குழந்தைக்கு மூன்று பெயர் இருந்தால், பின்னாளில் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் அதன் எழுத்துக்களையும் அப்படியே எல்லா ஆவணத்திலும் எழுதுவது நல்லது.

பெற்றோரின் திருமணம்

மணமக்கள் இருவருமோ ஒருவரோ கிறிஸ்தவராக இருந்து கிறிஸ்தவ முறைப்படி நடக்கும் திருமணத்துக்கு 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொருந்தும். யார் திருமணம் நடத்தி வைக்கலாம் என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயரால் குருப்பட்டம் பெற்றவர்கள் தங்கள் திருச்சபை விதிப்படி நடத்தலாம். மற்ற சபைகளின் போதகர்களுக்கு அரசு உரிமம் வேண்டும். அதிகாரம் இல்லாதவர் நடத்தி வைத்தால் 68-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தனிச் சபைகளில் திருமணம் செய்வோர் போதகரிடம் உரிமம் உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. திருமணம் செல்லாது என்றாகிவிட்டால், பிறந்த குழந்தைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகும்.

மூன்று வாரம் ஓலை வாசித்து, ஆலயத்தில் கையெழுத்திட்டு, சான்றிதழும் வாங்கியாயிற்று என்றாலும் இன்னொரு கடமை பாக்கி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. ஆலயச் சான்றிதழே இந்தப் பதிவுக்கான முக்கிய ஆதாரம்.

சாதிச் சான்றிதழ்

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களை, எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. பழங்குடியினருக்கு மதத்தால் இந்தத் தடை இல்லை.

குழந்தைக்கு ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, சான்றிதழில் மட்டும் இந்து என்று எழுதும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. இந்த விதியால் இழக்கும் சலுகைகளை நினைத்தால் அதன் காரணம் புரியும். ஆனால் சட்டத்தில் அது நிற்காது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறந்து சில வாரங்களில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதைக் காட்டும் ஆலயப் பதிவு அந்த வழக்கில் முக்கிய ஆதாரமானது. பொய்த் தகவலில் பெற்ற சான்றிதழ் ரத்தானால் படிப்பும் வேலையும் சேர்ந்தே போகும். குழந்தையின் உண்மை நிலைக்கு உரிய சான்றிதழைத் தொடக்கத்திலேயே வாங்குவதுதான் பாதுகாப்பு.

காப்பாளர் உரிமை

கிறிஸ்தவக் குழந்தைகளின் காப்பாளர் விஷயத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமே பொருந்தும். அதில் நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது குழந்தையின் நலன். கணவன், மனைவி வழக்கில் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

திருமணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6 அன்று முக்கியமான தீர்ப்பொன்றைத் தந்தது. தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் தாய் தன் குழந்தையின் காப்பாளராகலாம் என்றது. தனித்த தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் பிரமாணப் பத்திரம் ஒன்றே போதும் என்றும் உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் தந்தை பெயர் இல்லாமல் முடியாது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி மேலதிகாரியிடம் முறையிடலாம்.

ஞானத்தாய்க்கும் ஞானத்தகப்பனுக்கும் விசுவாச வாழ்வில் பெரிய இடம் உண்டு. சட்டத்தில் அவர்களுக்குக் காப்பாளர் உரிமை எதுவும் இல்லை. பெற்றோர் இருவரும் இறந்துவிட்டால் குழந்தையை அவர்கள் வளர்க்க வேண்டும் என்ற விருப்பம் வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. அதை உயிலில் எழுத வேண்டும். தந்தை உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம் என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவில் தாயைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் பெற்றோர் இருவருமே தங்கள் விருப்பத்தை எழுதி வைத்தால், காப்பாளரை முடிவு செய்யும்போது நீதிமன்றம் அதைக் கவனிக்கும்.

சொத்தில் பங்கு

உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். மகன், மகள் வேறுபாடு கிடையாது. மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே கணக்குதான். ஒருவர் 18 லட்ச ரூபாய் சொத்தை விட்டுச் சென்றிருக்கிறார். மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மகன், வயதான தாய் ஆகியோர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். மனைவிக்கு 6 லட்சம், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 4 லட்சம். இறந்தவரின் தாய்க்கு எதுவும் கிடைக்காது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதால், அக்கம்பக்கத்தில் நடந்த பாகப்பிரிவினையைப் பார்த்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் குழம்புவது சகஜம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் தாயின் பெயர் இருந்தாலும், யாருக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிப்பதில்லை.

மகளுக்குச் சம பங்கு என்பது எளிதில் கிடைத்துவிடவில்லை. பழைய திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் முன்பே ரத்தாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. இன்றும் பல வீடுகளில் கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டால் உரிமை போய்விடும். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினருக்கும் குற்றம். சொத்துப் பங்குக்கு அது மாற்றாகாது.

சிறு பிள்ளைகளின் பங்காக வந்த வீட்டையோ நிலத்தையோ தாயோ தந்தையோ தம் விருப்பத்துக்கு விற்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பனைக்கும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியின்றி நடந்த விற்பனையைப் பிள்ளை 18 வயதானபின் எதிர்த்து வழக்குப் போடலாம்.

உயில் எழுதினால் இந்தச் சிக்கல்கள் பெரிதும் குறையும். எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பலர் தவறுவது சாட்சி விஷயத்தில்தான்: உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி அவருக்கு எழுதிய சொத்து அவருக்குப் போகாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

தத்தெடுப்பு

கிறிஸ்தவ வழக்கச் சட்டத்தில் தத்தெடுப்பு இல்லாததால், முன்பு பல தம்பதியர் வளர்த்த பிள்ளைக்குக் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. அந்தச் சட்டப்படி எந்த மதத்தினரும் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இப்போது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு பெற்றால், பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் தத்துப் பிள்ளைக்கு உண்டு.

தெரிந்த விடுதி, மருத்துவமனை, போதகர் வழியாகக் குழந்தையை நேரடியாக வாங்கி, ஞானஸ்நானப் பதிவில் தம் பெயரைப் பெற்றோராக எழுதிக்கொள்வது தத்தெடுப்பு ஆகாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்ச ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பணம் கைமாறியிருந்தால் 81-ஆம் பிரிவின்படி சிறை 5 ஆண்டு வரை போகும்.

ஆலயத்திலும் பள்ளியிலும் பாதுகாப்பு

ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி வகுப்பு, பாடகர் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி, விடுதி என்று பெற்றோர் உடனில்லாத நேரங்கள் குழந்தைகளுக்கு நிறைய உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மத நிறுவனத்தின் நிர்வாகிகளோ ஊழியர்களோ செய்யும் பாலியல் குற்றத்தை மேலும் கடுமையான குற்றமாகக் கருதிக் கூடுதல் தண்டனை விதிக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பாளர் தம் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறை. சபையின் பெயர் கெடும், உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. திருச்சபை விசாரணை காவல்துறை விசாரணைக்கு ஈடாகாது. குழந்தையிடம் வாக்குமூலம் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரியால் வாங்கப்பட வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளிவரக் கூடாது. புகாருக்கு 1098 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

பிரிவும் பராமரிப்பும்

திருச்சபை நீதிமன்றம் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தாலும் அரசுச் சட்டத்தின்முன் திருமணம் அப்படியே இருக்கும். உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2017-இலும் இதைத் தெளிவாக்கியது. குடும்ப நல நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால் அது இருதார மணமாகும். பிள்ளைகளின் பராமரிப்புத் தொகைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். பெற்றோரின் திருமணம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வி பிள்ளையின் இந்த உரிமையைப் பாதிக்காது. வீட்டில் வன்முறை இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். மகளிர் உதவி எண் 181.

எங்கே போவது

பாலியல் குற்றப் புகார் தவிர, மேலே சொன்ன எந்தச் சிக்கலுக்கும் முதலில் அணுக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. பிறப்புச் சான்றிதழ், ஆலயத் திருமணச் சான்றிதழ், சார்பதிவாளர் அலுவலகப் பதிவு, சொத்துப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்வது நல்லது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.