வாகன பேட்டரி சார்ஜர்: பழுது எங்கே?

பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஈய-அமில மின்கலமே, பல திருத்தங்களுக்குப் பின்னும் அடிப்படை மாறாமல், இன்றும் பெரும்பாலான கார்களையும் லாரிகளையும் கிளப்பும் பேட்டரியாக இருந்து வருகிறது. 12 வோல்ட் பேட்டரி எனப்படுவது ஆறு செல்கள் தொடராக இணைந்த பெட்டி. முழுமையாக மின்னேறிய நிலையில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், மொத்தத்தில் 12.6 வோல்ட் கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டைக் குறைத்து, ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாக மாற்றி, பேட்டரியின் அழுத்தத்தைவிடச் சற்றே உயர்ந்த 14.4 வோல்ட் அளவில் அதற்குள் செலுத்துவதே சார்ஜரின் வேலை. இது நடைபெறாதபோது பழி உடனே சார்ஜரின்மேல் விழுந்தாலும், பழுது பெரும்பாலும் பேட்டரியிலோ இணைப்பிலோதான் இருக்கிறது.

விளக்கே எரியாத சார்ஜரில் முதலில் பார்க்க வேண்டியவை பிளக் பாயிண்டும் ஃபியூஸும். விளக்கு எரிந்தும் மின்னேற்றம் தொடங்கவில்லை என்றால், கிளிப்புகள் முனை மாறி மாட்டப்பட்டிருக்கலாம். அல்லது பேட்டரி அடியோடு இறங்கிப் போயிருக்கலாம். தானியங்கிச் சார்ஜர்கள் பல, கிளிப்புகளுக்கிடையே ஓரளவு மின்னழுத்தத்தை உணர்ந்த பின்னரே மின்னோட்டத்தை அனுப்பும்படி அமைக்கப்பட்டவை என்பதால், சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்ட பேட்டரியை அவை பேட்டரியாகவே கணக்கில் கொள்வதில்லை. உணரும் வசதியற்ற பழைய வகைச் சார்ஜரில் அதைக் குறைந்த மின்னோட்டத்தில், அருகிலிருந்து கவனித்தபடி, சிறிது நேரம் ஏற்றிய பிறகு மாற்றிப் பொருத்தினால் தானியங்கிச் சார்ஜர் இயங்கத் தொடங்கும். ஆனால், உப்பிய அல்லது விரிசல் விட்ட பேட்டரியில் இம்முயற்சி கூடவே கூடாது.

இணைப்பில் நேரும் கோளாறு இன்னும் நுட்பமானது. பேட்டரியின் ஈயக் குமிழ்களில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பூக்கும் பொடி, கிளிப்பின் பற்களுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்தடையாக நிற்கிறது. அத்தடையில் விழும் அழுத்தத்தையும் சேர்த்தே சார்ஜர் அளப்பதால், பேட்டரி நிறைந்துவிட்டது எனத் தவறாகக் கணித்து, மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்தும் வண்டி கிளம்பாத புதிருக்கு இதுவும் ஒரு காரணம். மின்னேற்றம் நடக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பின் உலோகத்திலும் மறு முனையை அதே கிளிப் கவ்வியிருக்கும் ஈயக் குமிழிலும் வைத்தால், அளவு சுழியை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் இணைப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். சார்ஜரை அணைத்துக் கிளிப்புகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால், அது செல்லுக்குள் சிந்தாதபடி, குமிழ்களைக் கழுவித் துடைத்துத் தேய்த்தால் போதும்.

ஏறிய மின்சாரம் நிற்காமல் இறங்கினால் பேட்டரியையே ஐயுற வேண்டும். நெடுநாள் மின்னேற்றமின்றிக் கிடக்கும் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகமாக உறைந்துவிடுகிறது. ‘சல்ஃபேஷன்’ எனப்படும் இந்நிலை முற்றினால் எந்தச் சார்ஜராலும் மீட்க இயலாது. பல மணி நேரம் ஏற்றி ஓய்வில் விட்ட பின்னும் அழுத்தம் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஆறில் ஒரு செல் செத்திருக்கக்கூடும். மூடி திறக்கும் பேட்டரியாயின், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் அந்தச் செல்லை அடையாளம் காட்டும். நல்ல செல்களில் 1.26-க்கு மேல் காட்டும் அளவு அதில் மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருக்கும்.

மெதுவாக ஏறுவது பல நேரங்களில் பழுதே அன்று. பைக்குக்கான 1.5 ஆம்பியர் சார்ஜர், 60 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள கார் பேட்டரியை நிரப்ப 40 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே பொதுவாக ஏற்ற அளவு.

எந்தச் சோதனையானாலும் காற்றோட்டமுள்ள இடத்தில், தீயும் பொறியும் அண்டாதபடி செய்ய வேண்டும். மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடியது. ஆகவே கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடவும். சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்புகளைக் கழற்றவும்.