மடை காத்தவருக்குச் சங்கத்தில் இடம் இல்லையா?

ஐப்பசி மழைக்கு முன்பாகக் கண்மாய்களைச் சீர்செய்ய இறங்கும் இளைஞர் குழுக்கள் நம் பக்கத்து ஊர்களில் பெருகி வருகின்றன. வாட்ஸ்அப்பில் பணம் திரட்டுகிறார்கள். பொக்லைன் பிடித்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குகிறார்கள், கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறார்கள். நல்ல காரியம். நாங்களும் சில ஊர்களில் மண்வெட்டியோடு போய் நின்றிருக்கிறோம்.

அப்படிப் போன ஓர் ஊரில் கரையை ஒட்டி மண் அள்ளத் தொடங்கியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கம்பை நீட்டித் தடுத்தார். "அந்தப் பக்கம் தோண்டாதீங்க தம்பி, அடியில பழைய மடை கிடக்கு." கையால் பறித்துப் பார்த்தோம். இரண்டடியில் மடைக்கல் தெரிந்தது. அந்த ஊரின் கடைசி நீர்க்கட்டி அவர். நம் தெருக்காரர். நாங்கள் அவரைப் பெரியப்பா என்று அழைத்தோம். குழுவில் வந்திருந்த பள்ளிக்கூடப் பையன் பெயரைச் சொல்லி, "இங்க வா" என்று கூப்பிட்டான். யாருக்கும் அது உறுத்தவில்லை. மாலையில் ஃபிளெக்ஸ் பேனரில் உதவியவர்கள் பட்டியல் இருந்தது. பொக்லைன் உரிமையாளர் பெயர்கூட இருந்தது. பெரியப்பா பெயர் இல்லை.

நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, நீராணிக்கம், மடையர், மடைக்குடும்பர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தென் மாவட்டங்களில் பல ஊர்களில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் நம் மக்கள்தான். (மடையன் என்ற வசைச்சொல் மடமையிலிருந்து வந்தது என்றுதான் தமிழ் வகுப்பில் படித்தோம். ஆனால் ஊரில் திட்டுகிறவன் சொற்பிறப்பு பார்த்தா திட்டுகிறான்?)

அந்த வேலை லேசானதல்ல. மழை வலுத்த இரவில் கரை முழுவதும் நடக்க வேண்டும். கசிவு கண்ட இடத்தில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைக்க வேண்டும். குமிழி மடை உள்ள கண்மாய் என்றால் நிறைந்த நீரில் மூழ்கித்தான் அடைப்பை எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்து, கடைமடை வரை கொண்டுசேர்க்க வேண்டும். கூலி, அறுவடைக் களத்தில் அளக்கும் நெல்.

நிலமில்லாதவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்ததற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். சொந்த வயல் இருந்தால் தன் வயலுக்குத்தான் முதலில் திருப்புவான், நிலமில்லாதவன் யார் பக்கமும் சாயமாட்டான் என்பது அது. அன்றைக்கு நிலமில்லாததே தகுதியாக இருந்தது.

இன்றைக்கு அதுவே தடையாகிவிட்டது. நீர்ப்பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதன்படி அமையும் சங்கத்தில் உறுப்பினர், ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு திட்டம் கொண்டுவந்தபோதும் ஆயக்கட்டு விவசாயிகளின் அமைப்புகளிடமே வேலை போனது. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களையே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போன மக்களிடம் பட்டா இருந்தால் வா என்றால் எங்கே போவது?

குடிமராமத்து என்ற சொல்லை மேடைகளில் இனிமையாகச் சொல்கிறார்கள். ஊர் கூடிச் செய்த வேலை அது, உண்மைதான். ஆனால் 1858ஆம் ஆண்டின் சென்னை கட்டாய உழைப்புச் சட்டம் என்ற ஒன்றும் இருந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்க அதிகாரம் தந்த சட்டம் அது. அந்த ஆண்கள் எந்தத் தெருவில் இருந்திருப்பார்கள் என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

பாரம்பரிய அறிவை மீட்போம் என்று குழுக்களில் அடிக்கடி பேசுகிறார்கள். நீர்க்கட்டி முறை திரும்ப வர வேண்டுமாம். எங்களுக்கு இதில் தயக்கம் உண்டு. பெரியப்பாவின் பேரன் கல்லூரியில் படிக்கிறான். களத்தில் கைநீட்டி நெல் வாங்கும் வேலைக்கு அவன் போகக் கூடாது என்றுதான் நாங்களும் சொல்வோம். மடையைப் பற்றிய அறிவு வேண்டும் என்றால் அதற்கு மாதச் சம்பளம் வேண்டும், எந்தச் சாதியாரும் செய்யலாம் என்ற நிலை வேண்டும், சங்கத்தில் ஓட்டும் வேண்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர்நிலைக்கு அது கேடு, வெட்டத்தான் வேண்டும். ஆனால் நிலமில்லாத பெண்களுக்கு அடுப்பெரிவதும் அந்த விறகில்தான். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வெட்டும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்ட குழுவை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. வெட்டிய மரத்தை ஏலம் விட்ட பணமும் மீன் ஏலப் பணமும் எந்தக் கணக்கில் சேர்கின்றன என்பதும் நம் தெருவுக்குத் தெரிவதில்லை.

பாசனச் சங்கத்தில் இடமில்லை என்றாலும் கிராமசபையில் இடம் உண்டு. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பட்டா யாரும் கேட்க முடியாது. சிறிய கண்மாய்கள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் இப்போது கிராமசபை கூட்டுகிறார்கள்.

அன்றைக்குக் கொடுப்பதற்காகப் பேரன் ஒரு மனு எழுதி எங்களிடம் காட்டினான். கண்மாய்க் குழுவில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் இடம், கரைக்காவலுக்குச் சம்பளம், ஏலக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று மூன்று கோரிக்கைகள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தோம். பெரியப்பா அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். "நாலாவதா ஒண்ணு எழுதுய்யா" என்றார். "மூணாவது மடையில பலகை உளுத்துப்போச்சு. மழைக்குள்ள மாத்தணும்."