அரை மணி நேர ஆட்டக்காரர்கள்

கூட ஆட ஆள் கிடையாது, டேபிள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஸ்நூக்கரைத் தனியாகப் பழகுபவர்களுக்குத் திறமையைவிடத் திட்டம்தான் முதல் தேவை.

பெங்களூர் பிரேசர் டவுனில் மாலை ஏழு மணி. மாஸ்க் ரோட்டில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. மாடியில் உள்ள ஸ்நூக்கர் பார்லருக்குள் நுழைந்தால் அந்த இரைச்சல் அடங்கிப்போகிறது. பச்சைத் துணி போர்த்திய, 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள மேஜை. அதற்கு மேலே இருக்கும் விளக்கு எரிந்ததுமே கவுன்ட்டரில் இருப்பவர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். இரண்டு பேர் ஆடினால் தோற்றவர் பணம் கட்டுவது இத்தகைய இடங்களில் எழுதாத சட்டம். தனியாக ஆடுபவருக்கு அந்த வசதி இல்லை. மொத்தச் செலவும் அவர் தலையில்தான்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரால் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அந்த அரை மணியைப் பலரும் செலவழிக்கும் விதம் ஒன்றுதான். பதினைந்து சிவப்புப் பந்துகளையும் முக்கோணமாக அடுக்கி உடைக்கிறார்கள். பிறகு எது சுலபமாகத் தெரிகிறதோ அதை பாக்கெட்டில் தள்ளுகிறார்கள். தவறினால் அடுத்த பந்து. கை சூடேறும்போது நேரம் முடிந்துவிடுகிறது. போன வாரத்தைவிட முன்னேறியிருக்கிறோமா என்று கேட்டால் பதில் இல்லை. எதையும் எண்ணவில்லை என்பதே காரணம்.

இந்த நகரத்திலேயே இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. பெயர் ஆர். உமாதேவி நாகராஜ். கர்நாடக அரசின் தோட்டக்கலைத் துறையில் தட்டச்சராகப் பணியாற்றியவர். 1990-களின் நடுப்பகுதியில், வேலை முடிந்ததும் கப்பன் பூங்காவில் உள்ள அரசு ஊழியர்களின் செக்ரடேரியட் கிளப்புக்கு டேபிள் டென்னிஸ் ஆடப் போவார். அங்கே கூட்டம் அதிகம். காத்திருக்க மனமில்லாமல் பக்கத்தில் இருந்த பில்லியர்ட்ஸ் மேஜையின் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. மற்றவர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில், 2012-ல், மகளிர் உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். சம்பளத்துக்கு வேலை, வீடு, அவற்றுக்கு நடுவே கிடைத்த நேரம். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

குறைந்த நேரம் என்பது குறையே அல்ல என்று சொல்லும் ஆய்வு ஒன்றும் உண்டு. தற்செயலாக அதுவும் தட்டச்சைப் பற்றியது. 1978-ல் வெளியான அந்த ஆய்வில் பிரிட்டனின் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகைப் பயிற்சி தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொரு பிரிவினருக்கு நான்கு மணி நேரம். முதல் பிரிவினர் சுமார் 35 மணி நேரத்தில் விசைகளைக் கற்றார்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் பிடித்தது. இதில் வேடிக்கை, ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் திருப்தி குறைவு. நாட்கள் அதிகமாக ஓடியதால் தாங்கள் பின்தங்குவதாக அவர்கள் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுவதைவிட வாரத்தில் ஆறு நாள் அரை மணி ஆடுவது லாபம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் மனம் அதை எளிதில் நம்பாது.

சரி, அந்த 30 நிமிடங்களை எப்படிப் பிரிப்பது?

முதல் 5 நிமிடம், நேர்கோடு. மற்றப் பந்துகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பந்தை பிரவுன் புள்ளியில் வைக்க வேண்டும். நீலம், பிங்க், கறுப்புப் பந்துகளுக்கான புள்ளிகளின் மேலாக அடித்தால் அது எதிர்க் குஷனில் பட்டு வந்த வழியே கியூவின் முனைக்குத் திரும்ப வேண்டும். வலப் பக்கமாக விலகி வந்தால், வெள்ளையின் நடுவில் அடிப்பதாக நினைத்து வலப் பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். பந்து குஷனைத் தொடும்வரை இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்த 8 நிமிடம், நீளமான நேர் அடி. நீலப் பந்து அதன் புள்ளியில். வெள்ளை அதற்குப் பின்னால், கறுப்புப் பந்துப் பக்கத்து மூலை பாக்கெட்டுக்கு நேர்கோட்டில். பத்து முறை அடித்து எத்தனை விழுந்தது என்று எண்ண வேண்டும். நீலம் விழுந்தால் மட்டும் போதாது. வெள்ளை மோதிய இடத்திலேயே நின்றதா என்பதும் கணக்கு.

பிறகு 12 நிமிடம், வரிசை. முழு வரிசைப் பயிற்சிக்குப் பதினைந்து சிவப்புகள் தேவை. அதற்கு இங்கே நேரமில்லை. பிங்க் பந்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்றாக ஆறு சிவப்புகள் போதும். ஒரு சிவப்பு, ஒரு வண்ணம் என்று மாறிமாறி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கறுப்பையே எடுத்தால் 48 புள்ளிகள். கடைசியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாக வீழ்த்தினால் இன்னும் 27. மொத்தம் 75. எந்த எண்ணில் தவறினோமோ அதைக் குறித்துக்கொண்டு மறுபடி அடுக்க வேண்டும்.

கடைசி 5 நிமிடம், வேகம். பிரவுன் இருக்கும் கோட்டிலிருந்து வெள்ளையை அடித்து, அது எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி, அடித்தவர் பக்கத்துக் குஷனுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் நிற்க வேண்டும். பந்தை வீழ்த்தும் சுகம் இதில் இல்லை. அதனாலேயே யாரும் இதைச் செய்வதில்லை. ஆனால் எதிராளிக்கு வாய்ப்புத் தராமல் தப்பிக்கும் அடிகளுக்கு அடிப்படை இந்த அளவான வேகம்தான்.

நான்கு பகுதி, நான்கு எண்கள். பாக்கெட் நோட்டில் எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அந்த நோட்டுதான் தனியாக ஆடுபவரின் பயிற்சியாளர். பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில், அல்சூரில் உள்ள பிராங்க் அந்தோணி பள்ளியில் படித்த பங்கஜ் அத்வானிக்கு, முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சவூர் என்ற ஆசான் கிடைத்தார். 2003-ல் சீனாவில் 18 வயதில் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம் வென்ற அத்வானி, 2024-க்குள் பில்லியர்ட்ஸையும் சேர்த்து 28 உலகப் பட்டங்களைக் குவித்தார். ஓர் அனுபவசாலியின் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எண்களுக்கு அந்தக் கண் இல்லாவிட்டாலும், அவை முகஸ்துதி செய்வதில்லை.

தனிப் பயிற்சிக்கு எல்லையும் உண்டு. எதிரே ஒருவர் நாற்காலியில் காத்திருக்கும்போது கை நடுங்குவதை எந்த நோட்டும் குணப்படுத்தாது. ஆகவே மாதத்துக்கு இரண்டு முறையாவது தன்னைவிடச் சிறந்தவருடன் ஒரு ஃப்ரேம் ஆடுவது அவசியம். தோற்றால் பணம் கட்ட வேண்டியிருக்கும். எங்கே தோற்றோம் என்று பார்த்தால் அடுத்த வாரம் நான்கு பகுதிகளில் எதற்கு நேரம் கூட்டுவது என்று தெரியும்.

ஏழரை மணி. கவுன்ட்டரில் இருப்பவர் விளக்கை அணைக்கிறார். அடுத்து ஆட இரண்டு பேர் கியூவுக்குச் சாக் தேய்த்தபடி காத்திருக்கிறார்கள். தனியாக ஆடியவர் பணத்தைக் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்குகிறார். நேற்று நீளமான நீலத்தில் பத்துக்கு நான்கு. இன்று ஐந்து.