கைமாத்து – 17: பூவிதழும் கடன் மனுவும்

போன வாரம், 300க்கும் 900க்கும் நடுவே ஏறி இறங்கும் சிபில் எண் என்ற கடன் மதிப்பெண்ணைப் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். புதிதாக வந்தவர்கள் பழைய இதழை யாரிடமாவது கைமாத்தாக வாங்கிக்கொள்ளவும். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவருக்குக்கூட பர்சனல் லோன் ஏன் மறுக்கப்படுகிறது என்பதுதான் இந்த வாரத்துக்கு நான் ஒப்புக்கொண்ட விஷயம். காரணங்கள் ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் 1941ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்ணில் பட்டுத் தொலைத்தது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆசிரியர் பொறுத்தருள்க.

கடன் கேட்டு வருகிறவர்களில் யார் ஒழுங்காகக் கட்டுவார், யார் இழுத்தடிப்பார் என்பதைக் கொடுக்கும்போதே பிரித்துவிட முடியுமா? அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வுப் பணியகத்துக்காக டேவிட் டுராண்ட் எடுத்துக்கொண்ட கேள்வி இது. 37 நிறுவனங்கள் கொடுத்த சுமார் 7,200 தவணைக் கடன்களின் விவரங்களைத் திரட்டினார். நல்ல கடன் ஒரு பக்கம், கெட்ட கடன் மறுபக்கம். அந்தக் காலத்துக் கடன் அதிகாரி ஆளைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, அக்கம்பக்கம் விசாரித்து முடிவெடுப்பார். டுராண்டுக்கு வேண்டியிருந்தது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு அவருக்குப் பூவிலிருந்து கிடைத்தது.

ஆமாம், பூதான். ஐரிஸ் பூவில் மூன்று இனங்களை எடுத்துக்கொண்டு, இனத்துக்கு ஐம்பதாக 150 பூக்களின் அளவுகளை வைத்து 1936ல் ஒரு கட்டுரை எழுதினார் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். அவற்றில் இரண்டு இனங்கள் கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே நாளில் பறித்தவை. புறவிதழின் நீளம், அகலம், உள்ளிதழின் நீளம், அகலம் என்று பூவுக்கு நான்கு அளவுகள். தனித்தனியாகப் பார்த்தால் எந்த அளவும் மூன்று இனங்களையும் உறுதியாகப் பிரித்துக் காட்டாது. நான்கையும் ஒவ்வொன்றுக்கும் தகுந்த எடை போட்டுக் கூட்டினால் ஒரே எண் கிடைக்கும்; அந்த எண்ணை வைத்து இனத்தைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம் என்று காட்டினார் ஃபிஷர். (இந்தக் கட்டுரை வெளியான ஆய்விதழ் ‘அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’. மனிதர்களிலேயே உயர்ந்த ரகம், தாழ்ந்த ரகம் என்று பிரிக்கத் துடித்த கூட்டத்தின் இதழ். பூவோடு நின்றிருந்தால் தேவலை.) அதே 1936ல் கல்கத்தாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் இதற்குப் பக்கத்து வீடு என்று சொல்லத்தக்க ஒரு கணக்கை வெளியிட்டார். அந்தப் பக்கம் போனால் இந்த இதழ் பத்தாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, பூ இருந்த இடத்தில் டுராண்ட் கடன் மனுவை வைத்தார். அவர் கண்டெடுத்த வாய்ப்பாடுகளில் இன்றுவரை அதிகம் எடுத்துக்காட்டப்படுவது இது. இருபது வயதுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.01, உச்சம் 0.30. பெண்ணாக இருந்தால் 0.40. ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.042, உச்சம் 0.42. தொழில் நல்ல வகை என்றால் 0.55, மோசமான வகை என்றால் சுழி, இரண்டிலும் சேராவிட்டால் 0.16. வேலை அரசிலோ, பொதுச்சேவை நிறுவனத்திலோ, வங்கியிலோ, தரகு நிறுவனத்திலோ என்றால் 0.21. ஒரே வேலையில் நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.059, உச்சம் 0.59. வங்கிக் கணக்குக்கு 0.45, வீடு நிலத்துக்கு 0.35, ஆயுள் காப்பீட்டுக்கு 0.19. மொத்தம் 1.25ஐத் தாண்டினால் கொடுக்கலாம்.

சம்பளம் எங்கே? மேலே போய் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு அதில் அரைப் புள்ளிகூடக் கிடையாது.

பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு காலத்தில் நம் ஊரில் மாப்பிள்ளை பார்த்த முறையேதான். கவர்மெண்ட் உத்தியோகமா, இ.பி.யா, பேங்கா, சொந்த வீடு இருக்கா, எத்தனை வருஷமா அதே தெருவில் இருக்காங்க. மாசம் எவ்வளவு வருது என்பதைக் காபி குடித்து முடித்த பிறகு, போகிற போக்கில் கேட்பார்கள்.

பெண்களுக்கான அந்த 0.40ஐயும் விட மனமில்லை. பெண்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று 1941லேயே கணக்கு சொல்லிவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் புருஷன் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் கொடுக்கப் பல இடங்களில் மறுத்துவந்தார்கள். ஆண், பெண் பேதம் பார்த்துக் கடன் மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1974ல். வந்தபோது, பெண் என்பதற்காக மதிப்பெண் கூட்டிப் போடவும் வழியில்லாமல் போனது.

இந்த வாய்ப்பாட்டை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் ஒரு தூத்துக்குடித் தம்பி. மெர்ச்சன்ட் நேவியில் செகண்ட் இன்ஜினியர், வயது 34. கப்பலில் இருக்கும் மாதங்களில் டாலர் சம்பளம். ரூபாயில் மாதம் ஐந்து லட்சம் போல வரும். சைன் ஆஃப் ஆகிக் கரையேறினால், அடுத்த காண்ட்ராக்ட் வரைக்கும் ஒன்றும் கிடையாது. ஊரில் அப்பா பெயரில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் போட எட்டு லட்சம் கேட்டு, வேளச்சேரியில் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வங்கிக் கிளைக்குப் போயிருக்கிறார். மேனேஜர் அவருடைய சி.டி.சி. என்ற கப்பல் பணிப் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாராம். எந்தக் கப்பல், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், தேதி, கேப்டன் கையெழுத்து, முத்திரை. சிங்கப்பூரும் ராட்டர்டாமும் அவர் கண்ணில் படவில்லை. இரண்டு முத்திரைகளுக்கு நடுவில் கிடந்த வெற்றுக் காலம்தான் பட்டது.

“சார், இந்த அஞ்சு மாசம் என்ன பண்ணீங்க?”

“லீவுல இருந்தேன் சார்.”

“சேலரி கிரெடிட்டே இல்லையே?”

அப்புறம் மேனேஜரே இரக்கப்பட்டு, வீட்டில் வேறு யாராவது பர்மனென்ட் வேலையில் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா மின்வாரியத்தில் கிளார்க். “அப்ப அவங்க பேர்ல அப்ளை பண்ணச் சொல்லுங்க சார்” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி எனக்குப் போன் செய்து குமுறினார்: “அக்காவோட மாசச் சம்பளம் எனக்கு நாலு நாள் சம்பளம்ணே. அவளுக்குக் குடுப்பாங்களாம், எனக்குக் குடுக்க மாட்டாங்களாம்.”

டுராண்டிடம் இருவரையும் அனுப்பிப் பார்த்தேன். தம்பிக்கு வயதுக்கு 0.14, வேளச்சேரியில் இரண்டு ஆண்டுக்கு 0.084, தொழிலுக்கு 0.16, புதுக் கம்பெனியில் ஓராண்டுக்கு 0.059, வங்கிக் கணக்கும் காப்பீடும் சேர்ந்து 0.64. மொத்தம் 1.083. தேறவில்லை. அக்காவுக்கு 45 வயது, பதினைந்து ஆண்டாகச் சொந்த வீடு, இருபது ஆண்டாக அதே வாரியம். தொழிலுக்குத் தம்பிக்குப் போட்ட அதே 0.16தான் போட்டேன். 3.02 வந்தது! 1941ல் நியூயார்க்கில் போட்ட கணக்கும் வேளச்சேரி மேனேஜரின் வாயும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

மேனேஜர் டுராண்டைப் படித்திருக்க மாட்டார். கம்ப்யூட்டர் காட்டியதைச் சொல்லியிருப்பார். பில் ஃபேரும் ஏர்ல் ஐசக்கும் 1956ல் ஆளுக்கு 400 டாலர் போட்டுக் கம்பெனி தொடங்கி, 1958ல் ஐம்பது பெரிய கடன் நிறுவனங்களுக்கு இந்த மாதிரி மதிப்பெண் முறையை விளக்கக் கடிதம் போட்டார்கள். பதில் போட்டது ஒரே ஒரு நிறுவனம். இன்று அந்த வழியில் வராத வங்கியைத் தேட வேண்டும். நம் சிபில் எண்ணிலும் சம்பளத்துக்கு இடமில்லை. தவணை தவறியதா, கார்டில் எவ்வளவு தேய்த்திருக்கிறீர்கள், எத்தனை இடத்தில் கடன் கேட்டு அலைந்தீர்கள் என்பதெல்லாம்தான் அதில் சேர்த்தி. சம்பளத்தை வங்கி தனியாகப் பார்க்கும். அதுவும் பெரும்பாலும் கூரை போடத்தான். மாதம் 2 லட்சம் வாங்குகிறவர் வீட்டுக் கடனுக்கு 85,000, காருக்கு 28,000 கட்டினால், பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. பல வங்கிகள் அந்தப் பாதிக் கோட்டிலேயே கதவைச் சாத்திவிடும். 40,000 சம்பளத்தில் ஒரு தவணையும் இல்லாதவர் உள்ளே போய்விடுவார்.

போதாக்குறைக்கு, 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி பர்சனல் லோன் மாதிரியான ஈடில்லாக் கடன்களின் இடர் எடையை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக்கியது. 100 ரூபாய் கொடுத்தால் 9 ரூபாய் மூலதனம் ஒதுக்கிய வங்கி, அதன்பின் 11 ரூபாய் 25 காசு ஒதுக்க வேண்டியதானது. சந்தேகம் வந்தால் முன்பு யோசிப்பார்கள். இப்போது யோசிப்பதுகூட இல்லை.

தம்பிக்கு ஆறுதலாக பென் பெர்னான்கியின் கதையைச் சொன்னேன். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக 2006 முதல் 2014 ஜனவரி வரை இருந்தவர். உலகத்துக்கே வட்டி விகிதம் சொன்ன மனிதர். பதவியை விட்டிறங்கிய பின், அவர் ஒரு மேடைப் பேச்சுக்கு வாங்கிய பணம் பதவியில் இருந்தபோது ஓராண்டுக்கு வாங்கிய சம்பளத்தைவிட அதிகம் என்று செய்தி வந்தது. அதே 2014 அக்டோபரில் சிகாகோ கூட்டம் ஒன்றில், தன் வீட்டுக் கடனை மாற்றி வாங்க முயன்று கிடைக்கவில்லை என்று அவரே சொன்னார். சபை சிரித்தது. இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, நிஜம்தான் என்றார். மாதச் சம்பளக்காரர் திடீரென்று சுயதொழில்காரர் ஆகிவிட்டார், அதுதான் இயந்திரத்தின் கண்ணை உறுத்தியிருக்கும் என்று பத்திரிகைகள் விளக்கின. தம்பிக்கும் அவருக்கும் ஒரே வியாதி, காண்ட்ராக்ட்.

என் கட்சி தம்பி பக்கம்தான். ஒரே நாற்காலியில் இருபது ஆண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் நிலைத்தன்மை என்றால், பதினோரு ஆண்டாகத் தவறாமல் கப்பலேறி இறங்கியவனுடையது என்ன? ஐந்து மாத இடைவெளி அந்தத் தொழிலின் இயல்பு. பன்னிரண்டு மாதத்துக்குச் சராசரி போட்டாலே கணக்கு சரியாகிவிடும். மென்பொருளில் அந்தக் கட்டம் இல்லை என்பதற்காக மனிதனைத் தகுதியில்லாதவன் என்பதா? தொழிலைப் பார்த்து ஒதுக்குவதும் அப்படியே. வக்கீல், போலீஸ், அரசியல்வாதி, பத்திரிகைக்காரர் என்றால் எத்தனை சம்பாதித்தாலும் சில இடங்களில் மனுவைத் தொடமாட்டார்கள். வசூலுக்குப் போனால் வம்பு என்ற பயம். டுராண்டின் மோசமான வகைப் பெட்டி, சுழி. இந்தத் தொடரை எழுதுகிறவன் எந்தப் பெட்டி என்று வாசகர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தொகைக்கான கடனாக இருந்தாலும், கிரெடிட் கார்டாக இருந்தாலும், மறுப்புக்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சொல்லியிருக்கிறது. “சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு சார்” என்பது காரணம் ஆகாது.

தம்பி எழுதிக் கேட்டார். வங்கியின் உள் விதிமுறைகளின்படி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விடாமல் தன்னுடைய சிபில் அறிக்கையை இறக்கினார்; முழு அறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை இலவசம், 2017 முதல். எண் 768. ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனால் உள்ளே அவர் வாங்காத கடன் ஒன்று உட்கார்ந்திருந்தது. சித்தப்பா மகன் எடுத்த மினி லாரி, அதில் தம்பியின் பெயருக்கு நேரே ‘கேரண்டர்’. பாக்கி நாலு லட்சத்துச் சொச்சம். என்றைக்கோ லீவில் வந்தபோது ஷோரூம் வாசலில் போட்ட கையெழுத்தாம்.

“அவன் ஒழுங்கா கட்டிட்டுத்தான்ணே இருக்கான்” என்கிறார் தம்பி. எதற்கும் இந்த மாதம் கட்டிவிட்டானா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

(அடுத்த இதழில்: ஜாமீன் கையெழுத்து. இடம் இருந்தால், கடனே வாங்காததால் கடன் கிடைக்காதவர்களும்.)