மத்தியதரைக் கடலிலிருந்து கண்டி வரை: பயணச் சுவரொட்டிகளின் கலை

பயணச் சுவரொட்டி பயணச்சீட்டு விற்பதற்காகப் பிறந்த கலை. ரயில் கம்பனிகளும் கப்பல் கம்பனிகளும் ஓவியர்களை அமர்த்தி வரைவித்த இந்தப் பெரிய தாள்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய ரயில் நிலையச் சுவர்களை நிறைத்தன. அவற்றுள் பேர்பெற்றவை மத்தியதரைக் கடற்கரை ஊர்களுக்காக வரையப்பட்டவை. பிரான்சின் பி.எல்.எம். ரயில் கம்பனிக்காக ரோஜே ப்ரோடேர் 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் வரைந்த மொன்டே கார்லோ, கோர்சிகா படங்களில் நுணுக்க வேலை குறைவு. கடல் முழுவதும் ஒரே நீலம். மலை என்றால் இரண்டு மூன்று வண்ணத் திட்டுகள். அடியில் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் கண்ணிலும் படம் பதிய வேண்டும் என்பதே ஓவியரின் கணக்கு.

அந்தக் கடலுக்கும் கண்டிக்கும் தொடர்பு உண்டு. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பின், லண்டனிலிருந்து கிழக்கே புறப்பட்ட கப்பல்கள் மத்தியதரைக் கடலைக் கடந்து போர்ட் சயித் வழியாகக் கொழும்புக்கு வந்தன. கொழும்பு–கண்டி ரயில் பாதை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், தயாராகிவிட்டது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில் பயணிகள் மலையேறி, தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்துத் திரும்பினார்கள். மொன்டே கார்லோவைக் காட்டி அழைத்த அதே வசதி படைத்த பயணியைத்தான் கண்டியைக் காட்டியும் அழைத்தார்கள். காலனி அரசும் 1937இல் சுற்றுலாப் பணியகம் ஒன்றைத் தொடங்கியது. போர் காரணமாக 1940இல் மூடப்பட்ட அது, 1948இல் மீண்டும் திறக்கப்பட்டது.

கண்டியைக் காட்டிய படங்கள் சில உருவங்களையே திரும்பத் திரும்ப நாடின: தலதா மாளிகை, அதன் முன்னால் விரியும் ஏரி, வெள்ளித் தலையணி சூடிய கண்டிய நடனக்காரர், பெரஹரா ஊர்வலத்தின் யானை. இவற்றில் சுவரொட்டிக் கலைக்கு இயல்பாகவே பொருந்துவது யானைதான். பெரஹரா பெரும்பாலும் இரவில் நடப்பதால் பின்னணி இருட்டு ஓவியருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதன்மேல் தீப்பந்தத்தின் செம்மஞ்சளும் யானை போர்த்திய பட்டின் சிவப்பும் எடுப்பாக நிற்க, வேறு எதுவும் தேவைப்படாது.

கண்டியைச் சுற்றிய மலைகளுக்கு இன்னொரு சுவரொட்டி மரபும் உண்டு. அது தேயிலை விளம்பரம். பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை 1926 முதல் 1933 வரை பிரித்தானிய நகரங்களில் பேரரசின் விளைபொருள்களுக்காகச் சுவரொட்டிகளை வைத்தது. இலங்கைத் தேயிலையும் அவற்றில் இடம்பெற்றது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக மக்டொனால்ட் கில் 1933இல் வரைந்த இலங்கைப் படவரைபடம் இந்த வகையில் முதன்மையானது. தீவின் பயிர்களையும் தொழில்களையும் சின்னஞ்சிறு சித்திரங்களாக நிரப்பிய அந்தத் தாளை ஒரு கதைப் புத்தகம்போல் நேரமெடுத்துப் படிக்கலாம்.

தேயிலைப் படங்களின் நிரந்தர நாயகி கொழுந்து பறிக்கும் பெண். பளிச்சென்ற சேலை, மூக்குத்தி, முதுகில் கூடை, இரு விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகத்தில் சிரிப்பு. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர் பரம்பரையைச் சேர்ந்தவள் அவள். இடுப்பில் அவள் கட்டும் படங்கு, மழைக்குப் போர்த்தும் கம்பளி, குடும்பமே ஒற்றை அறையில் ஒடுங்கிய லயம் ஆகியவற்றுக்குத் தாளில் இடம் கிடைக்கவில்லை. சுற்றுலாப் பணியகம் மீண்டும் திறந்த அதே 1948இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாட்டின் முகமாக உலகெங்கும் ஒட்டப்பட்டவளுக்கு அந்த நாட்டில் அன்று பிரஜாவுரிமை இருக்கவில்லை. இந்தப் படங்களை வெறும் அழகாகப் பார்ப்பது பாதிப் பார்வைதான். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்குள்ள பழைய உருளை இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வருபவருக்குச் சுவரொட்டியில் விடுபட்ட உழைப்பு கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியும்.

இன்று விடுதிகளிலும் வீடுகளிலும் தொங்குபவை பெரும்பாலும் மறுபதிப்புகள். காலிக் கோட்டையில் இயங்கிவந்த ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ என்ற சுவரொட்டிக் கூடம் பழைய இலங்கைப் படங்களை மறுபதிப்பாக விற்றுப் பெயர்பெற்றது. மத்தியதரைக் கடலின் மல்லோர்காத் தீவிலும் அது கிளை திறந்தது. மறுபதிப்பு வாங்குவதில் குறை ஏதும் இல்லை. மறுபதிப்பை மூலம் என்று விற்பதுதான் தவறு. வேறுபாட்டைக் காட்ட ஒரு பூதக்கண்ணாடி போதும். கல் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லோ துத்தநாகத் தகடோ உண்டு. அதனால் மை ஒரே பரப்பாகவோ, சுண்ணக்கட்டி தேய்த்ததுபோல ஒழுங்கற்ற மணிகளாகவோ தெரியும். நான்கு வண்ண ஆப்செட் அச்சில் வரிசையான புள்ளிகள் வட்ட வட்டமாகச் சேர்ந்திருக்கும். பல கைகள் மாறிய மூலத் தாளில் மடிப்புத் தடமும் ஓரக் கிழிசலும் பெரும்பாலும் இருக்கும்.

கண்டியில் தாளுக்கு முதல் எதிரி ஈரம். பருவமழை மாதங்களில் வெளிச்சுவரின் உட்புறமும் ஈரம் கசியும். அதில் மாட்டிய படத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும், பூஞ்சணம் பூக்கும், இராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். ஆகவே உட்சுவரே பாதுகாப்பானது. கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற அட்டை விளிம்பு கொடுக்க வேண்டும். சட்டத்தின் பின்புற மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். ஒட்டுநாடாவும் பசையும் தாளில் படவே கூடாது. நேர் வெயிலில் முதலில் வெளுப்பது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும். பெரஹராப் படத்தில் அவை போய்விட்டால் மிஞ்சுவது இருட்டு மட்டுமே. தூரத்திலிருந்து பார்க்க வரையப்பட்டவை என்பதால், ஓர் அறைக்கு ஒரு படம் போதும், எதிரே சில அடி வெற்றிடம் வேண்டும். சட்டத்தின் பின்னால் வெளியிட்ட நிறுவனம், ஆண்டு, மூலமா மறுபதிப்பா என்ற விவரங்களைப் பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறைக்குப் படத்தோடு அதன் வரலாறும் போய்ச்சேரும்.